பூக்காத நாலு வரிசை

செவ்வந்திக்காரருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே அவர் சாப்பிடும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினார். அதுவும் பெற்ற மகனிடம். "இந்தத் தோட்டத்துல கால் வைக்கப் பிடிக்கலன்னா போயேன்டா, யாரு உன்னக் கையப் பிடிச்சு இழுத்தா?" என்றார். மகன் போய்விட்டான். ஆறு வருஷம் ஆகிறது. கடிதம் இல்லை, போன் இல்லை.

மகன் போன அன்று சாயங்காலம் அவர் மனைவி வாசல் விளக்கைப் போட்டாள். விடியும்வரை அணைக்கவில்லை. பிள்ளை எந்த நேரத்தில் வந்தாலும் வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பது அவள் எண்ணம். அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் தையல் மிஷினை விட்டு எழுந்து அந்த ஸ்விட்சைப் போடுவாள். ஒரு நாள் தவறியதில்லை.

வாசலை ஒட்டித்தான் செவ்வந்தி வரிசைகள் ஆரம்பிக்கின்றன. செவ்வந்தி பிடிவாதம் பிடித்த செடி. பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். அதற்கு நல்ல இருட்டு வேண்டும். ராத்திரியில் வெளிச்சம் பட்டால், காலம் இன்னும் வரவில்லை என்று இலையாக விட்டுக்கொண்டிருக்கும். தோட்டம் முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற மாதத்தில் வாசலோரத்து நாலு வரிசை மட்டும் பச்சையாகவே நிற்கும்.

முப்பது வருஷமாகச் செடியோடு கிடக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? முதல் வருஷமே தெரிந்துவிட்டது. ஆனால் மனைவி கேட்டபோது, "அங்க மண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு நடையைக் கட்டினார். பிறகு ஒவ்வொரு வருஷமும் மண்ணின் தலையிலேயே பழியைப் போட்டார். பாவம், மண் திருப்பிப் பேசாது.

குட்டை உடைத்தவர் அவருடைய அக்கா. அவரும் பூந்தோட்டம் வைத்திருப்பவர். வெகு காலம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கியவர், காலையில் டீ டம்ளரும் கையுமாக வாசலில் நின்றார்.

"ஏம்மா, விளக்க விடிய விடிய எரிய விட்டா இது எப்படிப் பூக்கும்? தம்பி சொல்லலையா உனக்கு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் செடியைப் பார்த்தார்.

அக்கா மத்தியானமே பஸ் ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் தையல் மிஷின் நின்றது, விளக்கு எரியவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மங்கிக்கொண்டு வந்த வீட்டைப் பார்த்ததும் செவ்வந்திக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"விளக்கப் போடலையா?"

"ஆறு வருஷமா உங்க உழைப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கேன். இன்னும் போடணுமா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பூக்கலதான். ஆனா பூக்காத செடிதான் தளிரா விட்டுக்கிட்டே இருக்கும். அதக் கிள்ளி மணல்ல ஊனி வேர் விட வைக்கிறேன். வருஷா வருஷம் தோட்டம் பூரா நடுறது அந்த நாத்துதான். எல்லாம் உன் வெளிச்சத்துல வளர்ந்தது."

"சும்மா சமாதானத்துக்குச் சொல்றீங்க."

அவர் எழுந்துபோய் ஒரு செடியை வளைத்துக் காட்டினார். மீதமிருந்த வெளிச்சத்தில் அவள் குனிந்து பார்த்தாள். கிளைக்குக் கிளை நகத்தால் கிள்ளிய தழும்பு; அதற்குக் கீழே இரண்டிரண்டாகப் புதுத் தளிர்.

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன? மண்ணுன்னு எதுக்குப் பொய்?"

"வெளிச்சம்னு சொன்னா நீ அணைச்சிடுவ." அவர் வளைத்த செடியை விட்டார். "போன்னு சொன்னவன் நான். வாடான்னு விளக்குப் போட எனக்கு மூஞ்சி இருக்கா? நீ போட்ட. அதான் நான் பேசாம இருந்துட்டேன்."

ஆறு வருஷமாக அவள் தனியாகக் காத்திருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நீங்க போய்ப் போடுங்க."

அவர் உள்ளே போனார். ஸ்விட்சில் கை வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளக்கு எரிந்தது.

"பல்பு மங்கிப் போச்சு," என்றாள் அவள், அண்ணாந்து பார்த்து. "நாளைக்குக் கடைக்குப் போனா இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"பெருசாப் போட்டா ஆறு வரிசை பூக்காது."

"பூக்காட்டிப் போகுது," என்றாள்.