அரைப் பாட்டு

பாரிஸின் லா சப்பலில் போன் திருத்தும் அண்ணை, வேலை முடிந்ததும் ஸ்பீக்கரைச் சோதிக்க, அந்தந்த வருடம் தனக்கு மிகவும் பிடித்த பாட்டைத்தான் போடுவார். மூக்கு நுனியில் கண்ணாடி நிற்க, தலை மட்டும் தாளத்துக்கு ஆடும். இந்த வருடம் அது ஒரு பெண் பாடும் பிரெஞ்சுக் காதல் பாட்டு.

"இந்த வருசம் இதை வெல்ல ஒரு பாட்டும் வரேல்லை," என்றார்.

"பாட்டின்ரை முடிவும் இப்பிடிச் சந்தோசமாத்தான் இருக்குமோ அண்ணை?" என்று, திருத்தக் கொடுத்த என் போனுக்காக நின்ற நான் கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? பாதியிலையே சனம் போனை வாங்கிக்கொண்டு போயிடும்."

போனை வாங்க நான் கை நீட்டவில்லை. இருவரும் முழுப் பாட்டையும் கேட்டோம். கடைசியில் அவள் காதலனை விட்டுப் போய்விட்டாள். அண்ணையின் தலையாட்டல் நின்றுவிட்டது.

அடுத்த வாரம் மனைவியின் போனைத் திருத்தக் கொண்டுபோனேன். அதே பாட்டுத்தான். ஆனால் பாதியில் அவரே நிறுத்தினார்.

"ஸ்பீக்கர் நல்லா வேலை செய்யுது," என்று போனை அவசரமாக என் கையில் வைத்தார்.