எஞ்சின் ஓடல, பைப்பு மட்டும் செவந்துச்சு

நீ சிரிப்பேன்னு தெரியும், சிரிச்சிக்கோ. பேய் பிசாசுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சா நாந்தான் மொத ஆளா நக்கல் அடிப்பேன், காலேஜ்ல சயின்ஸ் படிச்ச திமிரு வேற, எதக் கேட்டாலும் என்கிட்ட ஒரு காரணம் ரெடியா இருக்கும். இதுக்கு மட்டும் மூணு வருஷமா தேடுறேன், மாட்டல.

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கெடச்சு வந்த மொதப் பொங்கல். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் எங்க ஊரு காஜா பேராங்ல ராஜான்னு ஒரு மெக்கானிக்கிட்ட பழைய ராணுவ மோட்டார்சைக்கிள் ஒண்ணு வாங்கினேன். அவரு கம்போங் செட்டிங்கிற கிராமத்து ஆளு, தலமொறையா அங்க குடியிருக்குற நம்ம வம்சம்தான், நெத்தியில திருநீறு, வாயத் தொறந்தா மலாய். வாங்கின வாரமே பாக்குறேன், பொழுது சாஞ்சு ஓட்டுறப்போ சிலிண்டர்லேருந்து வர்ற புகை பைப்பு அடுப்புக்கரி மாதிரி செவப்பா ஜொலிக்குது. இது நார்மலான்னு கேக்க ஓடினேன். காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களான்னு மலாய்ல ஒரு குத்து குத்திட்டு, ஹேண்டில்ல இருக்குற சின்ன லீவரக் காட்டினாரு. ஸ்டார்ட் பண்ணும்போது அது பின்னாடி இருக்கணும், கெளம்பினதும் முன்னாடி தள்ளணும், நான் தள்ளாமலே ஊரச் சுத்திருக்கேன். ஸ்பார்க் லேட்டா விழுந்து, சிலிண்டர்ல எரிய வேண்டிய நெருப்பு பைப்புல போயி எரிஞ்சிருக்கு. இருட்டுல லேசா செவந்தா பயப்படாத, பளீர்னு செவந்தா வால்வு போயிரும்னாரு. அதுக்கப்புறம் நான் லீவர மறந்ததே இல்ல, பைப்பும் செவக்கல.

போகியன்னிக்கு சாயந்தரம் பக்கத்து ஊரு செங்ல இருக்குற எங்க அக்காவுக்கு வலி எடுத்துருச்சு. தலப்பிரசவம், அத்தான் வேலையா சிங்கப்பூர் போயிட்டாரு, தொணைக்குப் பக்கத்து வீட்டு சீனப் பொம்பள மட்டும், அதுவும் பயந்து போயி நிக்குது. மருத்துவச்சி பாக்கியம் அக்கா வீடு கம்போங் செட்டி ஓரத்துல, வண்டிய எடுத்துட்டுப் பறந்தேன். அவங்க பையக் கட்டிட்டு வர பத்து நிமிஷம், எஞ்சின அணச்சிட்டு தூறல்ல நின்னேன். அவங்க வந்ததும் ஒதைக்கிறேன், ஸ்டார்ட் ஆகல. இருவது ஒத இருக்கும், ஒரு இருமல் கூட இல்ல. டாக்ஸி வேணும்னா டவுனுக்கு ஓடணும்.

அப்பதான் தெருவப் பாத்தேன். வீட்டுக் கதவெல்லாம் சாத்தியிருக்கு, ஆளுங்கல்லாம் வெளிய பேச்சு மூச்சில்லாம நிக்கிறாங்க. போகிக்கு இந்த ஊர்க்காரங்க செத்துப்போனவங்களுக்குப் படைப்பாங்க, அதுக்குப் பேரு பர்ச்சு. செத்தவங்களுக்குப் புடிச்சதெல்லாம் இலையில வச்சு, கதவச் சாத்திட்டு வெளிய வந்துருவாங்க, செத்தவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சத்தம் போடக் கூடாது. நான் பாட்டுக்கு அந்த அமைதியில டம்மு டம்முன்னு ஒதச்சிட்டு இருந்திருக்கேன்.

குனிஞ்சு பாத்தா பைப்பு செவந்திருக்கு. எஞ்சின் நின்னு கால் மணி நேரம் ஆச்சு, இது பளீர்னு செவக்குது. தூறல் அதுமேல விழுது, சுர்ருன்னு ஒரு சத்தம் இல்ல, ஆவி இல்ல. நம்பினா நம்பு, தொட்டேன். கெணத்துல கெடந்த இரும்பு மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு.

ராஜா வந்து நின்னாரு. பைப்பப் பாத்தாரு, அவரு வீட்டுக் கதவப் பாத்தாரு, மெதுவா சொன்னாரு.

"அபாங் மாக்கான் லாகி."

அண்ணன் இன்னும் சாப்பிடுறாராம். எந்த அண்ணன்னு கேட்டேன். ராஜாவோட சொந்த அண்ணனாம், வண்டி அவரோடதுதானாம், போன வருஷம் செத்துட்டாராம், விக்கிறப்போ இத எதுக்கு சொல்லணும்னு ராஜா விட்டுட்டாராம். எனக்கு வந்த கோவத்துக்கு அந்தாள அடிச்சிருப்பேன். பாக்கியம் அக்கா என் சட்டையப் புடிச்சு இழுத்தாங்க.

"ரோசத்தையெல்லாம் நாளைக்கு வச்சிக்கடா தம்பி. அங்க ரெண்டு உசுரு கெடக்கு. என்ன கேக்கணுமோ கேட்டுத் தொல."

கேட்டேன். சயின்ஸ் படிச்ச நானு, மழையில மண்டி போட்டு, ஒரு பைப்புகிட்ட. அண்ணே, நிதானமா சாப்பிடுங்க, எங்க அக்காவுக்கு யாரும் இல்ல, வண்டிய மட்டும் குடுங்கன்னேன், தெரிஞ்ச மலாய்ல. ஒண்ணும் நடக்கல. அதுக்கப்புறம் காத்திருந்த பத்து நிமிஷம் மாதிரி என் வாழ்க்கையில நீளமா ஒண்ணு இல்ல. படையல் முடிஞ்சுதுன்னு ராஜா வீட்டுக் கதவத் தொறந்தாங்க. தொறந்த கையோட பைப்பு கறுத்துச்சு. ஒரே ஒத, புடிச்சிக்கிச்சு.

போய்ச் சேர்ந்தப்போ அக்காவுக்கு உசுரு இருந்துச்சு. கொடி கழுத்துல சுத்தியிருந்த புள்ளைய பாக்கியம் அக்கா பதறாம எடுத்தாங்க. ஆம்பளப் புள்ள.

மறுநாள் அக்கா என்னத் திட்ட ஆரம்பிச்சுது. வண்டிய வாசல்ல ஓட விட்டுட்டு அரை மணி நேரமா வெளிய என்னடா பண்ணிட்டு இருந்தே, சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, ஆள் வந்தாச்சுன்ற தைரியத்துலதான் பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தேன்னுச்சு. அந்த நேரத்துல என் வண்டி கம்போங் செட்டில ஸ்டார்ட் ஆகாம நின்னுட்டு இருந்துச்சு, பெத்த மயக்கத்துல ஒளறுதுன்னு நெனச்சேன். சீனப் பொம்பளகிட்ட கேட்டேன். அதுவும் கேட்டுச்சாம், கதவத் தொறந்து பாத்துச்சாம், மழைத் தண்ணி நிக்கிற வெறும் வாசல்தான் இருந்துச்சாம்.

அக்காகிட்ட இன்னும் எதுவும் சொல்லல. இப்பவும் என் மருமகன, அந்தப் புள்ளைய, மடியில வச்சிக்கிட்டு அது கேக்கும், வந்து நின்னவன் ஏன்டா உள்ள வரலன்னு. மழை பெஞ்சுதுக்கா, அதான்னு சொல்லிருவேன்.