எழுபத்தோராம் பக்கம்

இது நடந்தது. நம்பாதவர்கள் ராஜபாளையத்துக்கு வந்து மதுசூதனையே கேட்டுக்கொள்ளலாம். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம். என் பேரையே போடுங்க. நான் பண்ணுனதுதான?" என்றார். என் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

மதுசூதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ராஜபாளையத்தில் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, மில் நோட்டீஸ், கோயில் ரசீதுப் புத்தகம், இவைதான் பிழைப்பு. ஆனால் மனசெல்லாம் ஊர் சுற்றுவதில். மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல், மனைவி ஸாவித்ரியைப் பைக்கின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்தார். அவர் கிலோமீட்டரைச் சொல்வார், அந்தம்மா நோட்டில் குறித்துக்கொள்வார். அப்படிப் பிறந்ததுதான் 'இரண்டு நாள் சாலைப் பயணம்' என்ற கையேடு.

நல்ல புத்தகம். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆண்டாள் கோயில் நடை எப்போது சாத்துவார்கள், எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருக்காது, எந்த ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்க வேண்டும், மலையடிவாரத்தில் எந்த இடத்தில் போனில் டவர் போய்விடும்… எல்லாம் அதில் இருந்தது. மதுரையிலிருந்து ஒருவர் போன் போட்டு, "சார், ரெண்டு நாள்ல ஒரு இடத்துலயும் எறங்கி வழி கேக்கல. உங்க புத்தகம் ஒண்ணு போதும்" என்றார். அன்றைக்கு மதுசூதனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

புத்தகம் முழுக்க நம்பலாம், ஒரே ஒரு பக்கத்தைத் தவிர.

அச்சேற்றும் அன்று எழுபத்தோராம் பக்கம் காலியாக நின்றது. வெள்ளையாக விட மனசு வரவில்லை. எப்போதோ டீக்கடையில் யாரோ சொன்ன ஓர் இடம் ஞாபகம் வந்தது. பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டார்: 'மஞ்சணத்தி ஊற்று. வ. புதுப்பட்டி தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் ஒற்றைப் புளியமரம். இடது பக்கம் மண்பாதை. கார் தாராளமாகப் போகும். ஆழமில்லை. குழந்தைகள் இறங்கிக் குளிக்கலாம்.'

அவர் அங்கே போனதே இல்லை.

இரண்டாம் பதிப்புக்குப் படம் வேண்டியிருந்தது. மனசும் உறுத்திக்கொண்டே இருந்தது. 2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை, போட்டோ எடுக்கும் நண்பர் அகமது கபீரின் காரில் கிளம்பினார். வ. புதுப்பட்டியைத் தாண்டினார்கள். புளியமரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், சீமைக்கருவேல முள் ஏறி டயர் இறங்கிவிட்டது.

"நீங்க முன்னால நடங்கண்ணே. டயரை மாத்திட்டு வாரேன்" என்றார் கபீர்.

மதுசூதன் நடந்தார். கைக்கடிகாரத்தில் மணி 4.10. வெயில் சுள்ளென்று அடித்தது.

மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கையில் புத்தகம் விரிந்திருந்தது. அவருடைய புத்தகம்! முன்பின் தெரியாத ஒருவர் தன் புத்தகத்தை வழியில் நின்று புரட்டுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெருமையில் மார்பு விம்மியது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது என்கிறார்.

"சார், போன்ல டவர் இல்ல. புத்தகத்தை நம்பித்தான் வந்தோம். இந்தப் பாதைதானா?"

"நான் எழுதுன புத்தகம்தாம்மா அது."

"அப்படியா சார்? அப்ப நீங்களே செத்த வாசிச்சுச் சொல்லுங்க."

புத்தகத்தை வாங்கினார். கனத்தது. பக்கங்கள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எழுபத்தொன்று.

டொக்… டொக்…

காரின் கதவடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை பெய்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெண்ணின் சேலையும் முழங்கால் வரை நனைந்திருந்தது. ஆனால் காலடியில் மண் காய்ந்து கிடந்தது. சொட்டிய சொட்டு எதுவும் தரையில் ஈரம் வைக்கவில்லை.

மணி 4.13.

அவர் வாசித்தார். '…ஆழமில்லை. குழந்தைகள் இறங்கிக் குளிக்கலாம்.'

பின் சீட்டுக் கண்ணாடி உள்ளிருந்து பனித்திருந்தது. ஒரு சின்னக் கை அதைத் துடைத்தது. ஒரு சிறுமி. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"நீங்க போயிருக்கீகளா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். யாரும் அடிக்கப்போவதில்லை. ஆனால் எழுதினவன் போகாமல் எழுதினான் என்று அவள் நினைத்துவிடுவாளே…

"போயிருக்கேன்" என்றார்.

ஸ்டியரிங்கில் இரண்டு கைகள் இருந்தன. விரல்கள் வெளுத்து, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினதுபோல் சுருங்கியிருந்தன.

அந்த மனிதர் திரும்பினார்.

நன்றி சொல்வதுபோல் வாயைத் திறந்தார்.

பேச்சு வரவில்லை.

தண்ணீர் வந்தது.

"அண்ணே!"

தோளில் கை விழுந்தது. கபீர்.

"யார்ட்டண்ணே வாசிச்சுக் காட்டிட்டு இருக்கீக?"

கார் இல்லை. புழுதியில் டயர்த் தடம் இல்லை. கையில் புத்தகமும் இல்லை. மணி 4.16. அவர் விரல்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

மண்பாதையில் இருவரும் உள்ளே நடந்தார்கள். அங்கே ஊற்று எதுவும் இல்லை. என்றைக்கோ கைவிட்ட கல்குவாரி. பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையிலிருந்து பார்த்தால் கணுக்கால் ஆழம்போலத் தெரிந்தது. கபீர் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். இருபதடிக் கயிறு முழுக்கப் போனது. கல் தரை தட்டவில்லை.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருங்கண்ணே. இன்னைக்கே" என்றார் கபீர்.

வீட்டில் ஸாவித்ரியும் அதையேதான் சொன்னார். "போகாமயா எழுதுனீக? எங்கிட்டகூடச் சொல்லலையே… முதல்ல கடையில இருக்கிறதை வாங்கிட்டு வாங்க."

திருத்தச் சீட்டு அச்சடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகவில்லை. 'பக்கம் 71 தவறு. அங்கே செல்ல வேண்டாம்.' ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில்தான் புத்தகம் விற்கிறது. ஒவ்வொரு கடையிலும் ஏறி, எதற்கு ஒட்டுகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த வாரம் போகலாம் என்றார். அதற்கடுத்த வாரம் என்றார். சீட்டுக் கட்டு மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது.

இருபத்திரண்டு நாள்.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மதுசூதன் அச்சகத்தில்தான் இருந்தார். கபீரும் கூடவே இருந்தார். இரண்டு பேருமாகக் கல்யாணப் பத்திரிகைக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இதைக் கபீரும் சத்தியம் செய்து சொல்கிறார்.

மறுநாள் காலைப் பேப்பரில் செய்தி. வ. புதுப்பட்டி அருகே குவாரித் தண்ணீரில் மூழ்கிய மகளைக் காப்பாற்றக் குதித்த சாத்தூர்க்காரர் ஜெபா பலி. மகளை மேலே தள்ளிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மதுசூதன் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வார்டு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. கட்டிலில் அதே சிறுமி. பக்கத்தில் அதே பெண். அவள் பெயர் ஞானபாக்கியம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார்… நீங்களா?"

அவர் ஓர் எட்டு உள்ளே வைத்தார்.

"நேத்து புளியமரத்தடியில நின்னு வாசிச்சுக் காட்டுனீகளே சார். நாலேகால் மணி இருக்கும். போயிருக்கேன்னு நீங்க சொன்ன பொறவுதான அவிய பாப்பாவை எறக்கிவிட்டாக… நீங்க போனப்ப அங்கன ஆழம் இல்லையா சார்?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவரை உடைத்தது.

"நான் போனதே இல்லம்மா" என்றார். "போகாமலேயே எழுதிட்டேன்."

ஞானபாக்கியம் அழவில்லை, வையவில்லை. மகளின் முகத்தை மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தாள், அவரைப் பார்க்க வேண்டாம் என்பதுபோல.

அன்றைக்கே கடை கடையாக ஏறினார். என்ன தவறு என்று எல்லாரிடமும் வாய்விட்டுச் சொன்னார். போலீஸிலும் போய்ச் சொன்னார். புத்தகங்களைத் திரும்ப வாங்கி, கட்டிங் மெஷினில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டினார். ஏற்கெனவே விற்றுப்போனவற்றை என்ன செய்ய முடியும்?

அடுத்த ஞாயிறு, ஒரு தகரப் பலகையில் 'ஆபத்து. உள்ளே போகாதீர்கள்' என்று எழுதி எடுத்துக்கொண்டு, ஸாவித்ரியோடு அந்தப் புளியமரத்துக்குப் போனார். ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் மாரியாத்தாள் என்ற பெண் வந்து நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள்.

"பலகை எதுக்கய்யா? நீங்கதான் தெனம் சாயந்தரம் இங்கன நிக்கீகளே."

சுத்தியல் கையிலேயே நின்றது.

"நானா?"

"நீங்கதான். எம்புட்டு தடவ கூப்பிட்டிருக்கேன், ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. புத்தகத்தையே பாத்துட்டு நிப்பீக. வார காரையெல்லாம் கைகாட்டி உள்ள விடுவீக."

"எப்போலேருந்து?" இதைக் கேட்டது ஸாவித்ரி.

மாரியாத்தாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஆவணி மாசத்துலருந்து."

கையேடு அச்சாகிக் கடைகளுக்குப் போனது அந்த ஆவணியில்தான்.