பெட்டிக்குள் நின்ற பெயர்

பதுளையில் தனக்குத் தெரியாத சட்டமே இல்லை என்பது அற்புதமலர் டீச்சரின் திடமான எண்ணம். தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் குடியியல் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற மறு வருடமே மேல் நீதிமன்றத்திலிருந்து ஜூரியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல அழைப்பாணை வந்தது. பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டார்.

அதே கடிதம் பக்கத்து வீட்டு ரொஷானிக்கும் வந்தது. அவளுக்குப் போன் கடையில் வேலை.

"எத்தனை பேரு வேணுமாம் அக்கா?"

"ஏழு. அஞ்சு பேராவது ஒரே பக்கம் நிக்கணும். நாலுக்கு மூணுன்னா தீர்ப்பே கிடையாது. இதுகூடத் தெரியாமலா வர்றே?"

நீதிமன்றத்தில் பெட்டிக்குள்ளிருந்து பெயர்ச் சீட்டு எடுத்தார்கள். ஆறு பேர் ஏறி அமர்ந்தார்கள். ஏழாவது பெயர் ரொஷானி. பெட்டியை மூடிவிட்டார்கள். டீச்சரின் பெயர் உள்ளேயே கிடந்தது.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ரொஷானியை டீச்சர் வாசலிலேயே மறித்தார்.

"யாரு சாட்சி சொன்னா?"

"வழக்கப் பத்திப் பேசக்கூடாதாம் அக்கா."

எனக்கே சட்டம் சொல்கிறாள்! அன்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தானே போய்ப் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் நமுனுகுலயிலிருந்து வந்த பெரியாயி. கூண்டில் நிற்பவன் அவள் மகன்.

"ஆறு வருசமா தவணை மேல தவணை போட்டு இழுக்கிறாங்க, டீச்சர். இந்தத் தடவை முடிஞ்சிரும்ங்கிறாங்க."

டீச்சர் தலையாட்டினார். கண் மட்டும் ஏழாவது நாற்காலியை விட்டு நகரவில்லை. கொட்டாவி விடுகிறாள், பாவி!

நான்காம் நாள் காலை ரொஷானி தலைவிரிகோலமாக வந்து நின்றாள்.

"கடைக்கு வரலைன்னு முதலாளி மொறைக்கிறாரு அக்கா. தலைவலின்னு வீட்டுலயே நின்னுரவா? ஒரு ஆளு கொறைஞ்சா என்ன?"

என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியும். ஆறு பேரை வைத்து வழக்கு ஓடாது. ஜூரியைக் கலைத்துவிட்டு மறுபடி சீட்டு எடுக்கலாம்; இந்தத் தடவை தன் பெயர் விழலாம். 'நில்லு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. கூடவே பெரியாயியின் ஆறு வருடமும் வந்து தொலைத்தது.

"தலையச் சீவிட்டு வா. ஸ்கூட்டியில கொண்டுபோய் விடுறேன்."

நீதிமன்ற வாசலில் பொலிஸ்காரர் ரொஷானிக்கு வழிவிட்டார். டீச்சரிடம், "ஸ்கூட்டிய அங்கிட்டு எடுங்க," என்றார்.

"இதெல்லாம் உங்களுக்குத்தான் சரி அக்கா. எனக்குப் போயி விழுந்திருக்கு, பாருங்க."

"நாலு நாளா நானும் அதத்தான் சொல்றேன். ஓடுடி, ஆறு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க!"