சென்னம்மாள் பேசிய கன்னடம்

சென்னம்மாள் மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே மாமியார் குள்ளம்மாள் ஒரு சட்டம் போட்டாள். மருமகள் தன் ஊர்ப் பேச்சை ஊரோடு விட்டுவிட வேண்டும், இந்த வீட்டுக்குள் அது கேட்கக் கூடாது. சென்னம்மாள் அஞ்செட்டிப் பக்கத்தில் கன்னடம் பேசுகிற குடும்பத்துப் பெண். எட்டாவது வரை தமிழில் படித்தவள் என்பதால், நல்லம்பள்ளிக்குப் பக்கத்து இந்த ஊரில் வாயைத் தமிழுக்குப் பழக்கிக்கொள்வது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போடுவாள். அந்த வாரத்தில் மாமியார் பேசினது, முறைத்தது, களி கட்டியாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளினது எல்லாம் கன்னடத்தில் கொட்டித் தீரும். பின்வாசலில் உட்கார்ந்திருக்கும் குள்ளம்மாள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

புருஷன் சென்றாயனுக்குப் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். ஒரே மேஸ்திரி, ஒரே வரிசைத் தகரக் கொட்டகைகள்.

அந்தக் கொட்டகைகள் எரிவதை ஒருநாள் மதியம் டிவியில் பார்த்தார்கள். தமிழர் குடியிருப்பு மீது கும்பல் தாக்குதல் என்றது தமிழ்ச் சேனல். சென்றாயனுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுத்ததும் கட்டாகிறது. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். போன்களைக் கும்பல் பிடுங்கி வைத்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே செய்தியாகி ஊரைச் சுற்றி வந்தது.

சென்றாயனின் தம்பி நவநீதன், சேலத்துக்குத் தக்காளி லோடு அடிக்கிறவன், தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அண்ணனைக் கூட்டிவரக் கிளம்புகிறான். கூடவே ஏழெட்டுப் பையன்கள் ஏறிக்கொண்டார்கள். தார்ப்பாய்க்கு அடியில் என்ன வைத்தார்கள் என்று சென்னம்மாள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

கன்னடச் சேனல் என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொன்னதும் நவநீதன்தான். போனில் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தான். அதே கொட்டகை, அதே புகை. ஆனால் அங்கே படித்த செய்தி வேறு. வெளியூர்க் கூலிக்காரர்கள் போலீஸ் மீது கல் வீசினார்கள், அவர்களே தீ வைத்தார்கள் என்று சொன்னார்கள். சென்னம்மாள் கேட்டதைக் கேட்டபடி தமிழில் சொன்னாள். சொல்லி முடித்ததும் வாசலில் நின்றவர்கள் டிவியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். அந்த வார்த்தைகளை அவளே பேசிவிட்டதுபோல் இருந்தது.

குள்ளம்மாள் மட்டும் டிவிக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மதியத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டபோதுதான் சென்னம்மாளுக்கு அது தோன்றியது. போனைக் கும்பல் வைத்திருந்தால் ஏன் எடுத்து எடுத்துக் கட் செய்ய வேண்டும்? எடுக்கிறவன் சென்றாயனாகவே இருந்து, பக்கத்தில் ஆள் இருப்பதால் தமிழில் வாய் திறக்க முடியாமல் இருந்தால்?

இந்த முறை ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்த உடனே, இந்த வீட்டுக்குள் ஒருநாளும் பேசாத மொழியில், மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்ரீ, ஊட்டா ஆய்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்ற கேள்விதான். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம். பிறகு சென்றாயனின் குரல் சத்தமாகவே வந்தது.

"ஆய்து, ஆய்து. நிந்து?"

ஆயிற்று, உனக்கு என்று கேட்டுவிட்டு அவன் கன்னடத்திலேயே பேசிக்கொண்டே போனான். அவள் இடையிடையே "ம்" கொட்டினாள். போன் கட்டானதும் எல்லோருக்கும் சொன்னாள். அடுக்குமாடி வேலையில் சாரம் சரிந்து ஒரு வடநாட்டுப் பையன் செத்துப்போயிருக்கிறான். கான்ட்ராக்டர் ஓடிவிட்டான். நம் ஆட்கள், வடக்கத்தி ஆட்கள், அந்த ஊர் ஆட்கள் எல்லோரும் சேர்ந்துதான் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்திருக்கிறார்கள். முதல் கல்லை யார் எறிந்தது என்று அங்கே இருந்தவர்களுக்கே தெரியாது. தீ எப்படிப் பிடித்தது என்றும் தெரியாது. இப்போது இவர்கள் எல்லோரும் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் இருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திச் சோறு போட்டிருக்கிறாள். வெளியே தெருவில் ஆட்கள் திரிவதால் உள்ளே தமிழ்ச் சத்தமே கூடாது. வண்டி வரவே கூடாது. தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளைத்தான் தேடித் தேடி மறிக்கிறார்கள். விடிந்ததும் ரயில் ஏறி மொரப்பூரில் இறங்குவார்கள்.

நவநீதன் என்ஜினை அணைக்கவில்லை.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் வாடான்னு சொல்லியிருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க டிவி சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க."

"நான் ஏன்டா பொய் சொல்றேன்? அவரு என் புருசன் இல்லியா?"

"உங்க புருசன்தான். ஆனா பேச்சு உங்க பேச்சு."

வண்டியில் இருந்த ஒருவன் கிளம்பலாம் என்று தட்டினான். கன்னடம் தெரிந்த ஆண்களெல்லாம் பெங்களூரில் இருந்தார்கள். அவள் சொன்னது சரி என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருத்தரும் இல்லை.

குள்ளம்மாள் முட்டியில் கை ஊன்றி எழுந்து வந்தாள். வண்டி ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகி எடுத்தாள்.

"அவ சொன்னது சரிதான். இன்னொண்ணும் சொன்னான், அதை இவ உங்ககிட்ட சொல்லல. அம்மாவை டிவி பாக்க வுடாதே, அவளுக்குப் பழசெல்லாம் வந்துரும்னான்."

சென்னம்மாள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒன்றை அவள் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருந்தாள்.

பழசு என்னவென்று குள்ளம்மாள் அன்று கொஞ்சம்தான் சொன்னாள். கல்யாணமான புதிதில் புருஷனோடு மைசூர் பக்கம் கரும்பு வெட்டப் போனது. நன்றாகத்தான் பிழைத்தது. ஒருநாள் இதேபோல் கலவரம் வந்து, சென்றாயனை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டு வழியாக நடந்தே வந்தது. வழியில் பிள்ளை தமிழில் அழுதுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டே வந்தது. வந்த பிறகு அந்தப் பேச்சைக் காதால் கேட்கவே பிடிக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். சாவியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நவநீதன் வண்டியை விட்டு இறங்கினான். பையன்களும் இறங்கினார்கள். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு சென்னம்மாளிடம் வந்தார்கள். தங்கள் ஆளையும் சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னார்கள்.

மறுநாள் மொரப்பூருக்கு அதே பிக்கப் போனது, தார்ப்பாய்க்கு அடியில் ஒன்றும் இல்லாமல். சென்றாயன் இறங்கினான், புருவம் பொசுங்கியிருந்தது. தமிழர்கள் உயிர்தப்பி ஓடிவருகிறார்கள் என்றது ஒரு சேனல். தொழிலாளர்கள் விடுமுறைக்கு ஊர் போகிறார்கள் என்றது இன்னொன்று. ஸ்டேஷன் டீக்கடையில் அதைப் பார்த்துக்கொண்டே அவன் இரண்டு வடை தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை சென்னம்மாள் போனை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்மேல் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் குரல் கேட்டதும் வாய் வரை வந்தது நின்றுவிட்டது. இத்தனை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. திரும்பிப் பின்வாசலைப் பார்த்தாள்.

குள்ளம்மாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"களி கட்டியா இருந்தா கட்டினுதான் சொல்லுவேன்," என்றாள். "உங்கம்மாகிட்ட அதையும் சொல்லு."