அலகு குத்திய கன்னம்

ஆடி மாதம் வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். நீலசந்திராவில் எங்கள் தெருவில் வேப்பிலைத் தோரணம் கட்டி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் வைத்து, கூழ் ஊற்றுகிற அன்று மைக்கில் ஒரு கதை சொல்வார்கள். அலகு குத்திக்கொள்ள நிற்கிறவர்களுக்குப் புத்தி சொல்வதற்காக. விரதம் சுத்தமாக இருக்க வேண்டும், நம் தெருவிலேயே ஒருத்தர் விரதத்தில் மீன் தின்றார், அம்மன் அவர் கன்னத்தையே எடுத்துக்கொண்டாள் என்று. பெயர் சொல்ல மாட்டார்கள். அந்த மட்டுக்கும் மரியாதை. பெயர் சொல்லாவிட்டால் என்ன, கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பி எங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். அந்த ஒருத்தர் என் அப்பா.

கதை சுத்தப் பொய். தெரு நம்பியது, போகட்டும். தெரு எதைத்தான் நம்பவில்லை? அம்மாவும் நம்பினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து, பீன்யாவில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டினார். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு பஸ் மாறி மாறிப் போவார். அம்மா விடியும் முன்பே வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். அதனால் எனக்கும் தங்கைக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிவிட்டது அப்பாதான். இரும்பு பிடித்த கை. இழுத்துப் பின்னினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் ரிப்பன் மட்டும் அப்படி நேர்த்தியாகக் கட்டுவார், வகுப்பில் டீச்சர் யார் கட்டியது என்று கேட்பார். கிளம்பும்போது அம்மன் படத்தின் முன்னால் நின்று, இன்றைக்கு செகண்ட் ஷிஃப்ட், வர நேரமாகும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவார். வேண்டுதல் மாதிரியே இருக்காது. வீட்டு ஆளிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி இருக்கும்.

தொண்ணூற்றொன்றில் காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் வந்தது. தமிழ்க்காரர்களின் வீடு, கடை என்று தேடி அடித்த நாட்கள். அப்பா பீன்யாவில் மாட்டிக்கொண்டார். பஸ் இல்லை. நாங்கள் மூன்று பேரும் வீட்டில். கீழ் வீட்டுக் கன்னட அக்கா எங்களை இழுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு வாசற்படியில் ஒரு முறம் அவரைக்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். கட்டையோடு ஆட்கள் வந்தார்கள். மேல் வீட்டில் யார் என்று கேட்டார்கள். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இல்லி யாரூ இல்ல, ஹோகி" என்றாள், இங்கே யாருமில்லை, போங்கள் என்று. போய்விட்டார்கள்.

அப்பா மறுநாள் சந்து சந்தாக நடந்தே வந்து சேர்ந்தார். கால் முழுக்கக் கொப்புளம். எங்களைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்ததும் நேரே கோயிலுக்குப் போய், உயிர் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் உனக்கு அலகு குத்திக்கொள்கிறேன் என்று நேர்ந்துகொண்டு வந்தார். எனக்கு அந்த வயசிலேயே பற்றிக்கொண்டு வந்தது. எங்களைக் காப்பாற்றியது அவரைக்காய் உரித்த அக்கா. அவளுக்குப் பொங்கலுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் போனது. அம்மனுக்கு அப்பாவின் கன்னம் போனது.

அடுத்த ஆடியிலிருந்து ஆரம்பித்தது. வருஷத்து லீவையெல்லாம் விரதத்துக்கென்றே சேர்த்து வைப்பார். பத்து நாள் மஞ்சள் துணி, கோயிலிலேயே படுக்கை, பூசாரி சமைக்கிற ஒரு வேளைச் சோறு. பூசாரி மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். அப்பா அவரை அண்ணா என்பார், நாங்கள் பெரியப்பா என்போம். கடைசி நாள் அவர்தான் அப்பாவின் கன்னத்தில் திருநீற்றைப் பூசி, வெள்ளி வேலை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுப்பார். ஒரு சொட்டு ரத்தம் வராது. தெருவே கும்பிடும். வாசல் வாசலாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி அப்பாவின் காலைக் கழுவுவார்கள். அன்றைக்கு ஒரு நாள் அவர் லேத் ஓட்டுகிறவர் இல்லை, சாமி.

அப்பா புகையிலை போடுவார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் மறைத்தேன் என்பார்கள். நைட் ஷிஃப்டில் மெஷின் முன்னால் கண் சொக்கினால் விரல் போய்விடும். அதனால் இடது கன்னத்தில் ஒரு சிட்டிகை அடக்கிக்கொள்வார். விரத நாளில் அதையும் தொடமாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், அலகு எடுத்த பிறகு இடது கன்னத்துப் புண் ஆறவில்லை. ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று நாளில் மூடிக்கொள்கிற ஓட்டை அது. இந்த முறை உள்ளே வெள்ளையாகத் தடித்துப்போயிருந்தது. நான் அப்போது ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று நின்றேன். அப்பா பூசாரிப் பெரியப்பாவைக் கேட்கப் போனார். நானும் கூடவே போனேன்.

"அலகு குத்துன எடத்துல கத்தி ஊசி படக்கூடாதும்மா," என்றார் பெரியப்பா. "அவ குத்துனது. அவளே ஆத்துவா."

அலகுக் காயத்துக்குத் திருநீறும் எலுமிச்சம்பழமும் தவிர வேறு மருந்து கிடையாது. அப்படித்தான் வழக்கம். டாக்டரிடம் காட்டினால் அவள் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். அப்பா தினமும் காலையில் புண்ணுக்குள் திருநீற்றை அடைத்துக்கொண்டு பீன்யாவுக்கு பஸ் ஏறினார். ஆவணி போனது, தீபாவளி போனது. நான் கத்தினேன். அம்மா என் வாயை அடக்கினாள். பொங்கல் வந்தபோது வாயில் சோற்றுருண்டை நுழைகிற அளவுக்குக்கூட அப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் வந்தார்.

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இத்தனை மாசம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அம்மா சாமிக் காயம் என்றாள். டாக்டரம்மா கையைக் கழுவப் போனார். திரும்பி வந்து நிதானமாகச் சொன்னார். வேலால் வந்தது இல்லை, புகையிலையால் வந்தது. முதலிலேயே வந்திருந்தால் சின்னதாக வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது தாடையோடு எடுக்க வேண்டும் என்றார். அப்பா தலையாட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

எடுத்தார்கள். மார்புச் சதையை அறுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். மார்பில் இருந்த முடி வாய்க்குள் முளைத்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அம்மா ராகிக் கஞ்சியை வடிகட்டி ஊற்றுவாள். ஊற்றும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சண்டை, தக்காளி விலை என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். அப்பா கண்ணாலேயே சிரிப்பார். பேச்சு குழறியது. வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் புரியும். வேலை போய்விட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று படத்தின் முன்னால் சொல்வதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

அடுத்த ஆடி நெருங்கியபோது கோயில் கமிட்டிக்காரர்கள் பழத் தட்டோடு வந்தார்கள். பூசாரிப் பெரியப்பாவும் வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்ததாக நினைத்துக்கொண்டு அம்மா காபி போட்டாள். வந்த காரணம் வேறு. அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு தெருவில் தாய்மார்கள் பயந்துபோய், என் பிள்ளைக்கு அலகு வேண்டாம் என்று நேர்த்திக்கடனை வாபஸ் வாங்குகிறார்களாம். அம்மனையே குறை பேசுகிறார்களாம். விரதத்தில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா, மனசு விட்டுச் சொல்லப்பா என்றார் தலைவர். டாக்டர் புகையிலை என்றார் என்று நான் சொன்னேன். தெருவில் யார் போடவில்லை, இவருக்கு மட்டும் ஏன் வந்தது என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

அப்பா குழறலாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது. அதை அப்படியே அவர்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை. தப்பு எதுவும் பண்ணவில்லை என்று சொல்கிறார் என்றேன் அவர்களிடம். அப்பா கட்டிலைத் தட்டினார். கோபமாக என்னைப் பார்த்தார். பிறகு மூடாத உதட்டை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் புரிகிற மாதிரி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"மீன்."

முதலில் குழறலாகச் சொன்னதும் அதுதான், விரதத்தில் மூலைக் கடையில் போய் மீன் வறுவல் தின்றாராம். பத்து நாளும் கோயிலை விட்டு நகராத மனுஷர் எப்போது மூலைக் கடைக்குப் போனார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வந்தவர்களின் முகத்தில் தெரிந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பூசாரிப் பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழத்தை வைத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஏன் நைனா பொய் சொன்னாய் என்று கேட்டு நான் ஆடித் தீர்த்தேன். அவர் நான் அடங்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"நான் தப்பு பண்ணலன்னா, அவ என்ன கைவுட்டுட்டான்னு ஆயிடும்," என்றார். "என்னக் கெட்டவன்னு சொல்லட்டும், பரவால்ல. அவள யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதும்மா."

கடவுளுக்கு வக்கீல் வேலை பார்க்க இந்த ஏழைதானா கிடைத்தார்? பாதித் தாடை இல்லாத ஆள், மூக்கில் குழாயோடு கிடக்கிற ஆள், மிச்சமிருந்த நல்ல பெயரையும் எடுத்து அவள் காலடியில் வைத்துவிட்டார். எனக்கு அம்மன் மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்த கோபம் பெரிசு. எங்களை விட்டுக்கொடுத்தார், அவளை விட்டுக்கொடுக்கவில்லை.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன், அது பொய் என்று. அவள் கேட்கவில்லை. "சாமி விஷயத்துல உங்க நைனா பொய் சொல்ல மாட்டாரு," என்றாள். அவர் உண்மையானவர் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையாலேயே அவரை வெறுத்தாள். ரெண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு துண்டு மீனுக்கு நாக்கை அடக்க முடியவில்லையா என்று சமையலறையில் நின்று பாத்திரத்தோடு பேசுவாள். கஞ்சி மட்டும் நேரம் தவறாமல் ஊற்றினாள். குழாயைப் பார்ப்பாள், டம்ளரைப் பார்ப்பாள், சுவரைப் பார்ப்பாள். தக்காளி விலை எல்லாம் நின்றுபோனது. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். உண்மையைச் சொல்லித் தொலையேன் என்று நான் அவர் காலைப் பிடித்து உலுக்கியும் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டார்.

மார்கழியில் போய்ச் சேர்ந்தார். நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது. கடைசிக் கஞ்சியையும் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டுதான் ஊற்றினாள்.

அதற்கு அடுத்த ஆடியில்தான் முதன்முதலாக அந்தக் கதை மைக்கில் ஏறியது. பிறகு வருஷா வருஷம். பிள்ளைகள் பயமில்லாமல் அலகு குத்திக்கொண்டார்கள், விரதம் ஒழுங்காக இருந்தால் போதுமே. நான் ஆடியில் தெருப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தேன். கல்யாணமாகி ஆனேக்கல் பக்கம் போன பிறகு அது சுலபமாகவும் இருந்தது. ஒரு வருஷம் அம்மாவுக்கு முட்டி வலி, கூழ் வாங்கத் தூக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு கூட வா என்றாள். போனேன். வரிசையில் நிற்கும்போது ஸ்பீக்கரில் கதை ஆரம்பித்தது. பூசாரிப் பெரியப்பாவின் குரல்.

மைக்கை வைத்துவிட்டு அவர் கீழே இறங்கியதும் நான் வழியை மறித்தேன். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். எங்கள் நைனா மீன் தின்றதை நீங்கள் பார்த்தீர்களா பெரியப்பா, டாக்டரிடம் போகாதே, புண்ணில் திருநீற்றை அடைத்துக்கொள் என்று சொன்னதே நீங்கள்தானே, அந்தக் கதையை ஏன் மைக்கில் சொல்வதில்லை என்று கேட்டேன். மறுத்துப் பேசுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதிலுக்குத் திட்டத் தயாராக இருந்தேன். அவருக்கு வயசாகிவிட்டிருந்தது.

"அவன் தின்னலம்மா," என்றார். "ராவும் பகலும் எங்கூடத்தான இருந்தான். எனக்குத் தெரியும்."

தெரிந்துமா என்றேன்.

"அவனே சொல்லிக்கினான். நான் வாங்கிக்கினேன்," என்றார். அதற்குள் கமிட்டிக்காரர்கள் அடுத்த அலகுக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

அம்மா பின்னாலேயே நின்றுகொண்டிருந்ததை நான் மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் பூசாரியை ஒன்றும் சொல்லவில்லை, அம்மன் பக்கமும் திரும்பவில்லை. கூழ் வாங்காமலே வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் காலிச் சட்டியோடு பின்னால் போனேன். வாசற்படி ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கஞ்சி ஊத்தும்போது அவரு என்னையே பாத்துக்கினு இருந்தாரா?" என்று கேட்டாள்.