ட்ருகனினா மாப்பிள்ளையை நான் விசாரிச்ச விதம்

2011 இல எனக்குத் துப்பறியும் கதை விசர் பிடிச்சிருந்தது. நான் இருக்கிற சிட்னியில, மெரிலேண்ட்ஸ் நூலகத்தில எடுத்த தொடர் அது. இந்தக் காலத்துச் சீனாவில, ஷங்காயில, தனியாத் தொழில் செய்யிற ஒரு துப்பறியும் பொம்பிளையின்ர கதை. புருசன்மாரின்ர கள்ளங்களைக் கண்டுபிடிக்கிறதுதான் அவளின்ர பிழைப்பு. மூண்டு பேர் தனித்தனியாச் சொன்னால்தான் எதையும் நம்புவாள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போற ரயிலில வாசிச்சு, இறங்க மறந்து அடுத்த ஸ்டேசன் வரைக்கும் போயிருக்கிறன்.

அந்த நேரம் பாத்துத்தான் வவுனியாவில இருந்து அம்மா போன் எடுத்தா. தங்கச்சிக்கு மெல்பேர்ண் சம்பந்தமொண்டு பொருந்தியிருக்காம். பெடியனுக்கு அங்க ட்ருகனினாவில ஒரு கிடங்கில வேலை. தங்கச்சிக்கு முப்பத்திமூண்டு வயசு, இதுக்கு முதல் நாலு சம்பந்தம் குழம்பினது. இதுவும் போனா இனிக் கலியாணமே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாளாம்.

"காதும் காதும் வைச்ச மாதிரி விசாரி பிள்ளை" எண்டா அம்மா.

விசாரிக்கிறதெண்டால் எங்கட ஆக்கள் மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரிட்டையும் கேப்பினம். நானும் அதைத்தான் செய்தன். மெல்பேர்ணில தெரிஞ்ச ஒரு அன்ரிக்கு எடுத்தன். "அன்ரி, முப்பத்தெட்டு வயசு வரைக்கும் தனிய இருக்கிறார். ஆரும் பொம்பிளையோட ஏதும் தொடுசல் இருக்கோ?" அன்ரிக்குத் தெரியாதாம், கேட்டுச் சொல்லுறாவாம். அந்தக் கிடங்கிலயே வேலை செய்யிற ஒருத்தரின்ர மனுசியையும் கேட்டன். அவவுக்கும் தெரியாது.

ரெண்டு கிழமை எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. வேலையில கையுறையைக் கழட்டிக் கழட்டிப் போனைப் பாப்பன். புத்தகத்திலயும் மனம் நிக்கேல்லை, ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சன்.

பிறகு அன்ரி போன் எடுத்தா. "ஓம் பிள்ளை, தொடுசலொண்டு இருக்காம். கோயில்ல கதைக்கினம்." அடுத்த நாள் கிடங்கில வேலை செய்யிறவரின்ர மனுசியும் அதையே சொன்னா. அதுக்குப் பிறகு வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில, என்னோட வேலை செய்யிற ஒருத்தி, நான் கேக்காமலே, "மெல்பேர்ணில என்ர மச்சாள் சொன்னவள், ட்ருகனினாவில ஒருத்தர் அங்க ஒருத்தியை வைச்சுக்கொண்டு ஊரில பொம்பிளை பாக்கிறாராம்" எண்டாள்.

மூண்டு! பாவி, என்ர தங்கச்சியை ஏமாத்தப் பாத்தானே! உடன அம்மாவுக்கு எடுத்துக் கொட்டித் தீர்த்தன். தங்கச்சி போனை வாங்கி "அக்கா..." எண்டு தொடங்கினாள். "ஒண்டும் கதைக்காத, மூண்டு பேர் சொல்லிப்போட்டினம்" எண்டு கத்திப்போட்டு வைச்சிட்டன். சம்பந்தம் முறிஞ்சுது.

அடுத்த வருசம் மெல்பேர்ணில ஒரு பிறந்தநாள் விழாவில அன்ரியைக் கண்டன். ஆர் அந்தக் கதையைச் சொன்னதெண்டு சும்மாதான் கேட்டன்.

"கோயில்ல நான் ரெண்டு பேரிட்ட விசாரிச்சனான். அவை வேற ஆக்களிட்ட விசாரிச்சவை. கடைசியா ஒருத்தி வந்து எனக்கே சொல்லுறாள், சிட்னியில இருந்து ஒரு பொம்பிளை போன் எடுத்து, அவருக்குத் தொடுசல் இருக்கோ எண்டு கேட்டவவாம். ஒண்டும் இல்லாமல் ஆரும் அப்பிடிக் கேப்பினமோ பிள்ளை?"

"அன்ரி, அது நான்" எண்டன். அன்ரி கடிக்கவெண்டு வாயில வைச்ச ரோல்ஸை அப்பிடியே எடுத்திட்டா.

வெளியில கார் நிறுத்துற இடத்துக்குப் போய்த் தங்கச்சிக்கு எடுத்தன். ஒண்டும் மறைக்காமல் சொன்னன். திட்டினாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்லட்டும் எண்டு அங்கயும் இங்கயும் நடந்தன்.

"அந்த ரெண்டு கிழமையும் அவர் என்னோட போனில கதைச்சவர் அக்கா" எண்டாள். "கடைசி நாள் சொன்னவர், 'ஆரோ சிட்னியில இருந்து என்னைப் பற்றிக் கதை கட்டிவிடுகினம். உம்மட அக்கா அங்கதானே இருக்கிறா, ஆரெண்டு விசாரிச்சுச் சொல்லச் சொல்லும்' எண்டு. அதைக் கேக்கத்தான் அண்டைக்கு அம்மாவிட்ட போனை வாங்கினனான்."